மேசைமேல் ஒரு ரயில் பீரங்கி

பள்ளிக் கண்காட்சிகளில் மாதிரி உருவங்கள் பலவற்றைப் பார்த்திருப்பீர்கள். அணைக்கட்டு, எரிமலை, ராக்கெட், போர்க்கப்பல் என்று மேசைகளின்மேல் வரிசையாக நிற்கும். பார்க்க வருபவர்கள் "நன்றாக இருக்கிறதே!" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். ஒரு மாதம் பாடுபட்டுச் செய்த பொருளை அரை நிமிடம்கூட நின்று பார்க்கவில்லையே என்று செய்தவனுக்கு வருத்தமாக இருக்கும்.

பார்ப்பவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒரு பொருளைத் தனியே மேசைமேல் வைத்தால் அதன் வடிவம் மட்டுமே தெரியும். அது எவ்வளவு பெரியது, எங்கே நின்றது, எப்படி வேலை செய்தது, அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்பனவெல்லாம் தெரியா. இவற்றைச் சொல்ல அந்தப் பொருளுக்கு ஓர் இடம் வேண்டும். தரை, பாதை, மரம், மனிதர், வெளிச்சம் எல்லாம் சேர்ந்த ஓர் இடம். இப்படி அமைக்கும் சிறு காட்சியை டயோரமா என்பார்கள். நாம் இதைக் காட்சித்தளம் என்று அழைப்போம்.

இக்கட்டுரையில் ஒரு ரயில் பீரங்கியின் மாதிரிக்குக் காட்சித்தளம் அமைப்போம். பெரும்பாலும் பெளதிகத்தையும் கொஞ்சம் கோந்தையும் கொண்டே இதைச் செய்துவிடலாம். "போர்க்கருவியை ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. தளத்தை ஒழுங்காக அமைத்தால் அதற்கான விடையும் அதிலேயே கிடைக்கும்.

தண்டவாளம் எதற்கு?

பீரங்கியின் குழல் நீளமாக இருந்தால் வெடிவாயு குண்டை அதிகத் தொலைவுக்குத் தள்ளிக்கொண்டு வரும். குண்டு மிகுந்த வேகத்துடன் வெளிப்படும். ஆனால் குழல் நீள நீள அதன் எடையும் ஏறும். ஓர் அளவுக்கு மேல் கனத்துவிட்டால் சாலை அதைத் தாங்காது. சக்கரங்கள் மண்ணில் புதைந்துவிடும். அந்தச் சுமையைத் தாங்க ஏற்கெனவே போட்டு வைத்த பாதை ஒன்று உண்டு. அதுதான் ரயில் பாதை. 1862ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், அமெரிக்க உள்நாட்டுப் போரில், சாவேஜ் ஸ்டேஷன் என்ற இடத்தில் தென்மாநிலப் படையினர் ஒரு கடற்படைப் பீரங்கியை ரயில் வண்டிமேல் ஏற்றிச் சுட்டனர். இரண்டாம் உலகப் போர் வரை இந்த முறை வளர்ந்துகொண்டே போயிற்று.

நாம் எடுத்துக்கொள்ளும் பீரங்கி, ஜெர்மனியின் குருப் தொழிற்சாலை 1930களில் உருவாக்கிய 'கே 5' என்பது. அதன் குழல் 21.5 மீட்டர் நீளம், உள்விட்டம் 28.3 செ.மீ. பீரங்கியின் மொத்த எடை 218 டன். 255 கிலோகிராம் எடையுள்ள குண்டை வினாடிக்குச் சுமார் 1,120 மீட்டர் வேகத்தில் எறியும். 60 கி.மீ.க்கு அப்பாலும் குண்டு போய் விழும்.

1944ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள், இத்தாலியில் ரோம் நகருக்குத் தெற்கே உள்ள ஆன்ஸியோ கடற்கரையில் நேசநாட்டுப் படைகள் வந்து இறங்கின. நான்கு மாத காலம் அவற்றால் அந்தக் கரையோரத்தை விட்டு நகர முடியவில்லை. அந்த மாதங்களில் ஜெர்மானியர் இரண்டு கே 5 பீரங்கிகளைக் கொண்டு அங்கே குண்டு வீசினர். அவற்றுக்கு ராபர்ட், லியோபோல்ட் என்று அவர்கள் பெயரிட்டிருந்தார்கள். கரையில் சிக்கியிருந்த அமெரிக்க வீரர்கள், கண்ணுக்குத் தெரியாத அந்தப் பீரங்கியை 'ஆன்ஸியோ ஆனி' என்று அழைத்தனர். சுடாத நேரத்தில் பீரங்கிகள் ரோமின் தென்கிழக்கே, சியாம்பினோ பக்கத்து ரயில் சுரங்கப்பாதையில் ஒளிந்திருந்தன. சுட வேண்டிய நேரத்தில் மட்டும் வெளியே வரும்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்து, வளைந்த பாதையில் நிற்கும் லியோபோல்ட் பீரங்கி. இதுவே நாம் அமைக்கப்போகும் காட்சி.

எழுபத்திரண்டில் ஒரு பங்கு

முதலில் அளவுத்திட்டத்தை முடிவு செய்ய வேண்டும். 1:72 நமக்கு வசதியானது. ஜப்பானின் ஹசெகாவா நிறுவனம் இந்த அளவில் லியோபோல்டின் பிளாஸ்டிக் மாதிரியைத் தயாரித்திருக்கிறது. அது கிடைக்காதவர்கள் அட்டை, மரச்சட்டம், சுருட்டிய தாள் ஆகியவற்றால் தாங்களே செய்துகொள்ளலாம். எதில் செய்தாலும் ஒரே விதிதான்: தளத்தின்மேல் வரும் ஒவ்வொரு பொருளின் உண்மை நீளத்தையும் 72ஆல் வகுக்க வேண்டும்.

குழல், 21.5 மீட்டர்: மாதிரியில் 29.9 செ.மீ.
பீரங்கி முழுவதும், சுமார் 30 மீட்டர்: 41.7 செ.மீ.
தண்டவாளங்களின் இடைவெளி, 1,435 மி.மீ.: ஏறத்தாழ 20 மி.மீ.
சிலீப்பர் கட்டை, நீளம் 2.6 மீட்டர், அகலம் 26 செ.மீ.: 36 மி.மீ., 3.6 மி.மீ.
மனிதன், 170 செ.மீ.: 23.6 மி.மீ.
மரம், 15 மீட்டர்: 20.8 செ.மீ.

இந்தப் பட்டியலின் கடைசி வரியைக் கவனியுங்கள். மாதிரி செய்பவர்கள் பெரும்பாலும் மரத்தை விரலளவுக்கே செய்வார்கள். விரலளவு மரம் இந்த அளவுத்திட்டத்தில் ஐந்தாறு மீட்டர்தான். அது ஒரு புதர். மரம் சிறுத்தால் பீரங்கி மலைபோல் தோன்றும். பார்ப்பவரின் கண்ணை ஏமாற்ற இது எளிய வழி. நமக்கு அந்த வழி வேண்டாம். 21.5 மீட்டர்க் குழலுக்கு உதவி எதுவும் தேவையில்லை.

தளத்துக்கு மூன்றடி நீளம், ஒன்றரையடி அகலமுள்ள ஒட்டுப்பலகை போதும்.

எடை எங்கே போயிற்று?

நீளம் 72இல் ஒரு பங்கு என்றால் எடையும் 72இல் ஒரு பங்கா? இல்லை. பரப்பு 72 பெருக்கல் 72, அதாவது 5,184இல் ஒரு பங்காகும். கனஅளவும் அதனுடன் எடையும் 72இன் முப்படியான 3,73,248இல் ஒரு பங்காகிவிடும். 218 டன் பீரங்கியை அதே உருக்கினால் 1:72 அளவில் செய்தால், மாதிரியின் எடை வெறும் 584 கிராம்! பிளாஸ்டிக் என்றால் அதைவிடவும் மிகக் குறைவு.

இதனால் வேறொன்றும் நேர்கிறது. எடை 3,73,248இல் ஒரு பங்காகக் குறைந்தது. அதைத் தாங்கும் பரப்போ 5,184இல் ஒரு பங்காகத்தான் குறைந்தது. எனவே ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்கும் சுமை 72 மடங்கு குறைந்துவிட்டது. கலீலியோ 1638இல் வெளியிட்ட நூலில் விளக்கிய உண்மை இது. உண்மைப் பீரங்கியின் கீழ் மண் அமுங்கும். மாதிரியின் கீழ் தீக்குச்சிகூட வளையாது. 218 டன் என்ற எடை மாதிரியில் காணாமலே போய்விடுகிறது. அதைப் பார்ப்பவரின் கண்ணுக்குத் திருப்பிக் கொடுப்பது காட்சித்தளத்தின் முதல் வேலை.

எப்படிக் கொடுப்பது? சக்கரங்களைக் காட்டுங்கள். கே 5 பீரங்கி இரண்டு சக்கரத் தொகுதிகளின்மேல் நிற்கிறது. ஒவ்வொன்றிலும் ஆறு அச்சுகள். மொத்தம் 12 அச்சுகள். 218ஐ 12ஆல் வகுத்தால் ஓர் அச்சுக்கு 18 டன்னுக்கு மேல் வருகிறது. நான்கு பெரிய யானைகளின் எடை ஒரே அச்சின்மேல்! பன்னிரண்டு அச்சுகளும் ஒளிவுமறைவின்றித் தெரியும்படி தளத்தின் முன்பக்கத்தில் பாதையை அமைக்க வேண்டும். பீரங்கி நிற்கும் இடத்தில் ஜல்லியைக் கெட்டியாக, கட்டைகளின் மேல்மட்டம் வரை நிரப்புங்கள். அதைத் தாண்டிய பாதையில் ஜல்லி சற்றுத் தாழ்ந்திருக்கட்டும். இங்கே ஏதோ பெரும் சுமை வந்து நிற்கிறது என்பதை இந்தச் சிறு வேறுபாடு சொல்லிவிடும்.

சுடும்போது பாதை இன்னொரு வேலையும் செய்தது. குண்டின் உந்தம் 255 பெருக்கல் 1,120, அதாவது 2,85,600 கிலோகிராம் மீட்டர்/வினாடி. உந்த அழிவின்மை விதிப்படி பீரங்கியும் அதே அளவு உந்தத்துடன் பின்னோக்கி உதைக்கப்படும். வெடிவாயுவின் பங்கைக் கணக்கில் சேர்க்காமல் பார்த்தாலே, தடையின்றி உருளும் 218 டன் பீரங்கி வினாடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் பின்னால் ஓடும். மனிதன் நடக்கும் வேகம்தானே என்று நினைக்காதீர்கள். அந்த உதை கணநேரத்தில் முழுவதுமாக வண்டியின்மேல் விழுந்தால் இரும்பு தாங்காது. அதனால் குழல் மட்டும் தன் தொட்டிலில் பின்னே சறுக்கும்படியும், எண்ணெயும் அழுத்தமான காற்றும் அடைத்த உருளைகள் அதை மெல்ல நிறுத்தி மீண்டும் முன்னே தள்ளும்படியும் அமைத்திருந்தார்கள். குழல் சறுக்கி வரும் இடம் அது. ஆகவே குழலின் பின்முனைக்குப் பின்னால் ஆளையோ பெட்டியையோ ஒட்டிவிடாதீர்கள்.

வளைவில்தான் குறி

பீரங்கியை நேரான பாதையில் நிறுத்துவது பலரும் செய்யும் தவறு. காட்சிக்கு அது எளிது. ஆனால் அப்படி நிறுத்திய பீரங்கி, தண்டவாளம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில்தான் சுட முடியும். கே 5 பீரங்கியின் குழலை மேலே 50 பாகை வரை உயர்த்தலாம். பக்கவாட்டில் ஓரிரு பாகைக்கு மேல் திருப்ப முடியாது. அப்படியானால் குறிபார்ப்பது எப்படி? இதற்காகவே பாதையை வளைவாகப் போட்டார்கள். வளைவில் முன்னும் பின்னும் நகர நகர, பீரங்கி நோக்கும் திசை மாறும். சில இடங்களில் வட்டமான திருப்புமேடையும் பயன்பட்டது.

200 மீட்டர் ஆரமுள்ள வளைவு என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தின் சுற்றளவை 360ஆல் வகுத்தால், ஒரு பாகைக்கு 3.5 மீட்டர் வருகிறது. பீரங்கி 3.5 மீட்டர் நகர்ந்தால் குறி ஒரு பாகை திரும்பும். சியாம்பினோவிலிருந்து ஆன்ஸியோ நேர்கோட்டில் சுமார் 39 கி.மீ. அந்தத் தொலைவில் ஒரு பாகை என்பது ஏறத்தாழ 680 மீட்டர். நம் தளத்தில் பீரங்கியை 5 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக நகர்த்திப் பாருங்கள். குண்டு விழும் இடம் ஒரு தெருவிலிருந்து வேறொரு தெருவுக்கு மாறிவிட்டது!

200 மீட்டர் ஆரம் 1:72இல் 2.78 மீட்டர். மூன்றடிப் பலகையில் இது எவ்வளவு வளையும்? நாணின் நீளத்தை வர்க்கப்படுத்தி, ஆரத்தின் எட்டு மடங்கால் வகுத்தால் வளைவின் நடு உயரம் கிடைக்கும். 0.9 மீட்டரின் வர்க்கம் 0.81, ஆரத்தின் எட்டு மடங்கு 22.2. விடை 3.6 செ.மீ. ஆக, பலகையின் இரு முனைகளிலும் பாதை விளிம்பை ஒட்டியிருந்தால் நடுவில் மூன்றரை செ.மீ. உள்ளே போகும். பொம்மை ரயில் பாதைபோல் வட்டமடிக்காது. இந்த மென்மையான வளைவே உண்மையானது.

வரைவதும் எளிது. பலகையைத் தரையில் வைத்து, 2.78 மீட்டர் நீளமுள்ள, இழுபடாத நூலின் ஒரு முனையைத் தாழ்வாரத்தில் ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். மறுமுனையில் பென்சிலைக் கட்டிப் பலகையின்மேல் கோடு இழுங்கள்.

தீக்குச்சிப் பாதை

சிலீப்பர் கட்டைக்கு 36 மி.மீ. நீளமும் 3.6 மி.மீ. அகலமும் வேண்டும். மருந்தை நீக்கிய இரண்டு தீக்குச்சிகளைப் பக்கத்தில் பக்கம் ஒட்டினால் ஏறத்தாழ இதே அளவுதான்! கட்டைக்குக் கட்டை 60 முதல் 65 செ.மீ. இடைவெளி வழக்கம். எனவே தளத்தில் 9 மி.மீ.க்கு ஒன்றாக ஒட்டுங்கள். மூன்றடிப் பாதைக்கு நூறு கட்டைகள், அதாவது இருநூறு தீக்குச்சிகள் ஆகும். மருந்து நீக்கும் வேலையைப் பெரியவர் முன்னிலையில் மட்டும் செய்யுங்கள். ஒட்டியபின் நீர்த்த கறுப்பு மையில் நனைத்து உலர்த்தினால் பழைய மரத்தின் நிறம் வந்துவிடும். தண்டவாளத்துக்கு 2 மி.மீ. உயரமுள்ள மெல்லிய உலோகப் பட்டையை நிறுத்தி ஒட்டலாம். அதன் பக்கங்கள் துருவின் நிறமாகவும், சக்கரம் உருளும் மேல்முகம் பளபளப்பாகவும் இருக்க வேண்டும்.

பாதையில் கொட்டும் ஜல்லி 3 முதல் 6 செ.மீ. வரை இருக்கும். 72ஆல் வகுத்தால் 0.4 முதல் 0.8 மி.மீ. வரும். சமையலறை ரவையின் பருமன் இது. ரவையையே தூவிவிடாதீர்கள், கண்காட்சி தொடங்குமுன் எறும்புகள் வந்து பார்வையிட்டுவிடும். ஆற்று மணலைச் சலித்து, ரவையளவு மணிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் கழுவி உலர்த்திக் கட்டைகளுக்கு இடையே தூரிகையால் பரப்புங்கள்.

இப்போது பசை. நீரில் கரைத்த வெள்ளைப் பசையை உலர்ந்த மணலில் சொட்டினால் அது உள்ளே இறங்காது. மணலைச் சுருட்டிக்கொண்டு முத்துப்போல் மேலே நிற்கும். நீரின் பரப்பு இழுவிசைதான் காரணம். ஒரு கிண்ணம் நீரில் இரண்டு சொட்டு சோப்புக் கரைசலை விட்டு, அதை முதலில் மணலின்மேல் தெளியுங்கள். சோப்பு பரப்பு இழுவிசையைக் குறைத்துவிடும். பின்பு பசை நீரைச் சொட்டினால் மணலுக்குள் சத்தமின்றி இறங்கும். ஓர் இரவு காய்ந்தால் ஜல்லி பாறைபோல் இறுகிவிடும்.

இருட்டைச் செய்வது எப்படி?

சுரங்கப்பாதையின் வாய் 5 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் இருக்கலாம். தளத்தில் அது 7 செ.மீ.க்கு 8.3 செ.மீ. பீரங்கியின் குழல் தாழ்ந்து படுத்தால்தான் இதனுள் நுழைய முடியும் என்பதைப் பார்ப்பவர் தாமாகவே உணர்வார்கள். வாயைச் சுற்றிக் கல் அடுக்கிய வளைவை அட்டையில் வெட்டி, சாந்துக் கோடுகளைக் கீறுங்கள்.

ஓட்டையின் பின்னால் ஒரு கறுப்புத் தாளை ஒட்டிவிட்டால் இருட்டு வந்துவிடுமா? வராது. தாளின்மேல் விழும் ஒளியில் ஒரு பகுதி நேரே கண்ணுக்குத் திரும்பிவிடும். பார்ப்பவர் தாளைத்தான் காண்பார். நண்பகலில் தெருவில் நின்று எதிர்வீட்டுச் சன்னலைப் பாருங்கள். சுவர் வெள்ளையாக இருந்தாலும் திறந்த சன்னல் இருட்டாகத் தெரியும். உள்ளே புகுந்த ஒளி சுவருக்குச் சுவர் மோதி, ஒவ்வொரு மோதலிலும் சிறிது சிறிதாக உட்கவரப்பட்டு, சன்னல் வழியே திரும்புவது மிகக் குறைவு. கரும்பொருள் கதிர்வீச்சைப் படிக்கும்போது சிறு துளையிட்ட கூடு ஒன்றைப் பற்றிப் படிப்பீர்கள். அதே தத்துவம் இது. எனவே வாயின் பின்னால் ஒரு சாண் நீளத்துக்கு உண்மையான குழாயைச் செய்து, உட்புறம் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசிச் சற்று வளைத்துவிடுங்கள். இருட்டு தானாக வந்து குடியேறும்.

மலை, மரம், வெளிச்சம்

பழைய செய்தித்தாளைக் கசக்கி, பசையில் நனைத்த தாள் துண்டுகளால் மூடி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசினால் குன்று தயார். மரங்களில் கவனம் வேண்டும். ரோம் வட்டாரத்தில் நெடிய தண்டும், விரித்த குடை போன்ற உச்சியும் கொண்ட பைன் மரங்கள் மிகுதி. காய்ந்த கிளைகளின் நுனியில் தேங்காய் நாரைப் பரப்பிப் பச்சை மரத்தூள் தூவினால் குடைப் பைன் கிடைக்கும். நார் கையில் இருக்கிறதே என்று நம் ஊர்த் தென்னையை நட்டுவிடாதீர்கள்! பீரங்கியை விமானத்தின் கண்ணிலிருந்து மறைக்கும் வலைக்கு, காயத்துக்குக் கட்டும் துணியைத் தேயிலைச் சாற்றில் நனைத்துக் கிழித்துப் பயன்படுத்தலாம்.

பின்னணித் திரையில் தொலைவுக் குன்றுகளை எந்த நிறத்தில் தீட்டுவது? நம் கண்ணுக்கும் மலைக்கும் நடுவே கிலோமீட்டர் கணக்கில் காற்று நிற்கிறது. அது ஒளியைச் சிதறடிக்கிறது. நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கிறது. அதனால்தான் தூரத்து மலை வெளிறி நீலமாகத் தெரிகிறது. மேசைமேல் உள்ள ஓரடிக் காற்றுக்கு அந்த வல்லமை இல்லை. ஆகவே காற்று செய்யும் வேலையை நம் தூரிகை செய்ய வேண்டும். அருகே உள்ள குன்று பச்சை. அடுத்தது சாம்பல் பச்சை. கடைசியானது வானத்தைவிடச் சற்றே அடர்ந்த நீலம்.

வெளிச்சத்துக்கு ஒரே விளக்குப் போதும். குழல்விளக்கு வேண்டாம், நீண்ட விளக்கு நிழலைக் கரைத்துவிடும். வானத்துச் சூரியன் நம் கண்ணில் அரைப் பாகைக் கோணமே பிடிக்கிறது. ஒரு மீட்டர் தொலைவில் அரைப் பாகை என்பது 9 மி.மீ. கண்ணாடியில்லாத சிறு டார்ச் பல்பை ஒரு மீட்டருக்கு அப்பால் பக்கவாட்டில் வைத்தால், நிழலின் விளிம்பு சூரிய ஒளியில் விழும் நிழலைப் போலவே இருக்கும். குழலின் நீண்ட நிழல் ஜல்லியின் குறுக்கே விழட்டும்.

சுருங்க மறுப்பவை

எல்லாவற்றையும் 72ஆல் வகுத்துவிட முடியாது. நீர்த்துளி வகுபடாது; ஆகவே ஓடையில் உண்மையான நீர் ஊற்றாதீர்கள். புகையும் நெருப்பும் வகுபடா. காலமும் அப்படியே. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட 0.45 வினாடி ஆகும். மாதிரியில் அந்த உயரம் 14 மி.மீ.; அங்கே விழும் மணலுக்கு 0.053 வினாடியே போதும். புவியீர்ப்பு நம் அளவுத்திட்டத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

எனவே குழலின் முனையில் பஞ்சை ஒட்டிப் புகை என்று காட்ட வேண்டாம். அது எப்போதும் பஞ்சாகவே தெரியும். சுடுவதற்குச் சற்று முன்னுள்ள அமைதியைத் தேர்ந்தெடுங்கள். அசையாத தளம், அசையாத கணத்தைக் காட்டும்போதுதான் உண்மை சொல்லும்.

ஐந்நூற்று நாற்பது மீட்டர்

கடைசியாக மனிதர்கள். செப்புக் கம்பியில் எலும்புக்கூடு முறுக்கி, களிமண்ணால் உடல் செய்யுங்கள். உயரம் 24 மி.மீ. பாதையோரம் இருவர், மேடைமேல் மூவர், சுரங்க வாயில் ஒருவர் நிற்கட்டும். அந்த விரற்கடை உருவங்களைப் பார்த்த பிறகுதான் பீரங்கியின் பெருமளவு பார்ப்பவருக்குத் தைக்கும்.

இந்தக் காட்சியில் இன்னும் ஒரு கூட்டத்தார் இருக்க வேண்டும். குண்டு விழும் இடத்தில் இருந்தவர்கள். ஆன்ஸியோவின் குறுகிய கரையோரத்தில் வீரர்களும், சரக்கு இறக்கும் கப்பல்களும், காயம்பட்டோர் கிடந்த மருத்துவக் கூடாரங்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. ஜெர்மானியப் பீரங்கிகளின் குண்டுகளும் விமானக் குண்டுகளும் அந்தக் கூடாரங்களையும் விடவில்லை. இவர்களை நம் தளத்தில் எங்கே வைப்பது?

வகுத்துப் பாருங்கள். 39 கி.மீ.ஐ 72ஆல் வகுத்தால் 540 மீட்டர் வருகிறது. மூன்றடிப் பலகைக்குள் ஆன்ஸியோவைக் கொண்டுவர எந்த வழியும் கிடையாது. பீரங்கியைச் சுட்டவர்களுக்கும் அதே நிலைதான். தாம் சுடும் ஊர் அவர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர்களிடம் இருந்தவை வரைபடமும் கோணமும் எண்களும். குண்டு தன் வேகம் குறையாமல் நேர்கோட்டில் பறந்தாலே 35 வினாடி ஆகும். காற்றுத் தடையும் வளைந்த பாதையும் சேர்ந்தால் இன்னும் அதிகம். அவ்வளவு தொலைவில் இருந்த மனிதரை ஓர் எண்ணாகவே நினைத்துக்கொள்ள முடிந்தது. பீரங்கியை மட்டும் மேசைமேல் வைக்கும் நாமும் அதையே செய்கிறோம்.

அதனால் தளத்தின் ஒரு பகுதியைப் பள்ளிக்கு வெளியே வையுங்கள். கண்காட்சி மேசையிலிருந்து குழல் நோக்கும் திசையில் நடக்கத் தொடங்குங்கள். உங்கள் காலடி ஒன்று 72 செ.மீ. என்றால் 750 அடிகள் எடுத்துவைக்க வேண்டும். நீங்கள் போய் நிற்கும் இடம் ஒரு தேநீர்க் கடையாக இருக்கலாம். பேருந்து நிறுத்தமாக இருக்கலாம். யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணையாகவும் இருக்கலாம். அங்குள்ளவரிடம் அனுமதி கேட்டு, ஒரு சிறு அட்டையை நடுங்கள். அதில் "ஆன்ஸியோ. பீரங்கி இங்கிருந்து 540 மீட்டர்" என்று மட்டும் எழுதியிருக்கட்டும்.

மேசையில் பீரங்கிக்கு முன்னால் இன்னொரு சீட்டு வேண்டும். அதில் பீரங்கியின் முடிவை எழுதுங்கள். 1944 மே 23ஆம் நாள் நேசநாட்டுப் படைகள் கரையோரத்தை உடைத்துக்கொண்டு முன்னேறத் தொடங்கின. ஜூன் 4ஆம் நாள் ரோம் அவர்கள் கைக்கு வந்தது. ஜூன் 7ஆம் நாள், சிவிட்டவெக்கியா துறைமுக ஊரின் ரயில் பாதையில் இரண்டு பீரங்கிகளும் கைவிடப்பட்டுக் கிடக்கக் கண்டார்கள். சாலையில் போக முடியாத அவற்றால் தண்டவாளத்தை விட்டு எங்கேயும் தப்ப முடியவில்லை. ராபர்ட் பெரிதும் சேதப்பட்டிருந்தது. லியோபோல்டைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். மேரிலாண்டின் அபர்டீனில் நெடுங்காலம் இருந்தபின் அது வர்ஜீனியா மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. இன்னொரு கே 5 பீரங்கியை பிரான்சின் ஓதாங்கென் ஊர் அருங்காட்சியகத்தில் காணலாம்.

கண்காட்சிக்கு வருபவர்களில் சிலர் அந்தத் தேநீர்க் கடையைத் தாண்டித்தான் வருவார்கள். அட்டையைப் படித்திருப்பார்கள், புரிந்திருக்காது. உங்கள் மேசைக்கு வந்து, வளைவில் நிற்கும் குழலைப் பார்த்து, அது காட்டும் திசையைச் சன்னல் வழியே நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்போது நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.